அதே பாதை, அதே சின்னான்: மெலகிரிக் காட்டில் பறவை எண்ணுவது எதற்கு?

கேள்வி – பிப்ரவரி 9, ஓசூர் வாசகர்

மெலகிரிக் காட்டில் அஞ்செட்டிப் பக்கம் பறவைக் கணக்கெடுப்புக்கு இரண்டு வருடமாக வருகிறேன். ஒவ்வொரு தடவையும் அதே பாதை, அதே சின்னான் குருவி, அதே தவிட்டுக்குருவி. அதற்குப் பதிலாக மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிற மலைக்கு நேராகப் போய்ப் படம் எடுத்துப் பதிவு போட்டால் காட்டுக்கு அதைவிட நல்லது இல்லையா? அரிய பறவையைக் காப்பாற்றத்தானே இவ்வளவும்?

பிப்ரவரி 9, இரவு

படம் எடுப்பது தப்பில்லை தம்பி, ஆனால் அது கணக்கெடுப்பு ஆகாது. ஒரு மலையில் அந்தப் பறவை இருக்கிறது என்பதை மட்டும் படம் சொல்லும். போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா, பக்கத்துக் கரட்டில், அதாவது பாறைக் குன்றில், ஏன் இல்லை, இந்தக் கேள்விக்கெல்லாம் அதில் பதில் கிடைக்காது.

அதே பாதையில் நடந்து, கண்ணில் பட்டது காதில் விழுந்தது எல்லாவற்றையும் விடாமல் எழுதி, 'முழுப் பட்டியல்' என்று இ-பேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் குறித்துக் கொடுத்தால் என்ன ஆகிறது? நீங்கள் எழுதாத பெயர்களும் தகவலாகிவிடுகின்றன. அன்று அந்த நேரத்தில், அந்தப் பாதையில், பறவை தெரிந்த ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் அது எட்டவில்லை என்று பொருள். இப்படி நூறு பட்டியல் சேர்ந்தால் அதில் எத்தனை சதவீதத்தில் ஒரு பறவை வருகிறது என்று பார்க்கலாம். 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது. அதற்குச் சான்று முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் இப்படிப் போட்ட பட்டியல்கள்தான். அரிய பறவையை மட்டும் தேடிப்போய்ப் போட்ட பதிவுகளை வைத்து அப்படி ஓர் அறிக்கை எழுத முடியாது.

தவிட்டுக்குருவிக்கு எதிரே எண் போடாமல் வெறும் பெருக்கல் குறி போடுகிறவர்கள் நம் குழுவில் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து எண்ணுங்கள். தோராயமாகப் பத்து என்று எழுதினாலும் பெருக்கல் குறியைவிட அது மேல்.

பிப்ரவரி 10

ராத்திரி எழுதியது கொஞ்சம் பாடம் எடுத்த மாதிரி இருக்கிறது. இதை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்குப் பக்கம். மாடு செத்தால் ஊர்க்கோடிக் கல்லாங்குத்தில் கொண்டுபோய்ப் போடுவார்கள். தோலை உரித்து எடுத்தவுடன் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, வந்து இறங்கும், வட்டமாக உட்காரும், மறுநாள் எலும்புதான் மிச்சம் என்று பாட்டி சொல்லும். எனக்கு ஒரு பாறு இறங்கியதுகூட நினைவில் இல்லை. எப்போது வருவது நின்றது என்று ஊரில் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் எம்.ஜி.ஆர். இறந்த வருடம் என்கிறார். ஒருவர் அதற்குப் பிறகும் பார்த்ததாகச் சொல்கிறார். இன்னொருவர் யோசித்துவிட்டு, "அது எப்ப நின்னுச்சுன்னு யாரு பாத்தா?" என்றார்.

யாரும் பார்க்கவில்லை, அதுதான் விஷயம். அன்று பாறு அரிய பறவை இல்லை, காக்கை மாதிரி. காக்கையை யார் எண்ணுவார்கள்?

ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் மட்டும் விபு பிரகாஷ் என்கிற ஆய்வாளர் 1980களில் எண்ணி வைத்திருந்தார். 1990களின் இறுதியில் அதே இடத்தில் திரும்ப எண்ணியபோதுதான் விழுந்த விழுக்காடு தெரிந்தது. அதற்கப்புறம் ஆராய்ச்சி ஓடி, மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலிமருந்துதான் காரணம் என்று 2004-இல் தெரிந்து, 2006-இல் கால்நடைக்கு அது தடையானது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் போய்விட்டது. பழைய எண்ணிக்கை ஒன்று கையில் இல்லாமலிருந்தால் இன்னும் எத்தனை வருடம் கழித்துக் கண்டுபிடித்திருப்பார்களோ.

இன்று நீங்கள் சலித்துக்கொள்கிற சின்னானுக்கும் தவிட்டுக்குருவிக்கும் அப்படி ஒரு பழைய எண்ணிக்கை இருக்க வேண்டும் என்றுதான் நடக்கிறேன்.

பிப்ரவரி 12

தேன்கனிக்கோட்டை அக்கா ஒருவர் சட்டை நிறம் கேட்டிருந்தார். பழுப்பு, மங்கின பச்சை, சாம்பல் எதுவானாலும் சரி. வெள்ளை வேண்டாம். சென்ட், வாசனை எண்ணெய் வேண்டவே வேண்டாம், பறவைக்காக அல்ல, யானைக்காக.

பிப்ரவரி 16

மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பற்றிப் பேச்சு வந்ததால் இது.

உலகத்திலேயே தென்னிந்தியத் தீபகற்பத்தில் மட்டும் இருக்கிற பறவை. ஜெர்டன் என்கிற பறவையியலாளர் 1845-இல் இதை முதலில் விவரித்தார். அழிவாய்ப்புள்ளது என்று ஐயுசிஎன் என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இருக்கிறது. அடர்ந்த காட்டில் தேடினால் கிடைக்காது. உருண்டைப் பாறையும் முள்ளும் புதரும் கலந்த சரிவுதான் இதற்கு வீடு. நந்தி மலை, ஹார்ஸ்லி மலை, ஏலகிரி, அப்புறம் நம் மெலகிரி. அதாவது கிரானைட் எங்கே இருக்கிறதோ அங்கே. இதை மனதில் வையுங்கள், பின்னால் பேசலாம்.

போன வாரம் காலையில் ஒரு கரட்டின் கிழக்குச் சரிவில் உட்கார்ந்திருந்தேன். பாறை இடுக்கில் வேர் ஓடிய இச்சி மரம் ஒன்று, பழம் பழுத்து நின்றது. முதலில் வந்தவை சாதாரணச் சின்னான்கள், சண்டையும் சத்தமுமாக. அவை ஓய்ந்த பிறகு ஒரு ஜோடி அரவமில்லாமல் உள்கிளையில் வந்து அமர்ந்தது. தலையும் தொண்டையும் எலுமிச்சை மஞ்சள், எந்தக் கோடும் புள்ளியும் கிடையாது. முதுகு மங்கின பச்சை, வயிறு சாம்பல், வாலடியில் மறுபடி மஞ்சள். பழத்தைக் கொத்தி முழுசாக விழுங்கிவிட்டு அலகைக் கிளையில் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு துடைத்தது. பறக்கும்போது வாலை விரித்தது பாருங்கள், நுனியெல்லாம் வெளிறித் தெரிந்தது. எழுந்து அடுத்த பாறைக்குப் பின்னால் போனது போனதுதான்.

வெண்புருவச் சின்னானோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கும் வாலடி மஞ்சள், அதுவும் புதருக்குள் ஒளியும். ஆனால் அதற்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருக்கும், தலை மஞ்சளாக இருக்காது. வாலடியை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் எழுதாதீர்கள்.

பிப்ரவரி 17, காலை

எந்தக் கரடு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்லமாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சில வருடம் முன்பு இதே மாவட்டத்தில் ஒரு கொம்பன் ஆந்தைக் கூட்டின் இடம் வாட்ஸாப்பில் சுற்றியது. பாறைத் திட்டில் வெறும் மண்ணில் முட்டை இடுகிற பறவை அது. அடுத்த இரண்டு ஞாயிறும் அந்தப் பாறைக்குக் கீழே கார்கள் நின்றன. கிட்டப் போய்ப் படம் எடுத்தார்கள், செல்போனில் ஆந்தைக் குரலைப் போட்டு எழுப்பினார்கள். அந்த வருடம் அங்கே குஞ்சு பொரிக்கவில்லை. அவர்களால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

குரல் போட்டு அழைப்பது கணக்கெடுப்பிலும் கூடாது. கூடு கட்டும் காலத்தில் இன்னொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று நினைத்து ஆண் பறவை கூட்டை விட்டுவிட்டு வந்து அலைகிறது. இரை தேட வேண்டிய நேரம் அதில் போகிறது.

இடத்தை இ-பேர்டில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டால்: அழிவின் விளிம்பில் இருக்கும் சில இனங்களின் இடத்தை அதுவே மறைத்துவிடும். அந்த வரிசையில் இல்லாத பறவைக்கு நாம்தான் யோசிக்க வேண்டும். கூடு என்றால் கூடு இருக்கும் காலம் முடியும்வரை பட்டியலை மறைத்து வைத்துவிட்டு அப்புறம் திறக்கலாம். தகவல் வனத்துறைக்கும் ஆய்வாளர்களுக்கும் போகட்டும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வேண்டாம்.

பிப்ரவரி 23

காவிரிக் கரையில் பிலிகுண்டலு பக்கம் வெண்பிடரிப் பட்டாணிக்குருவியைப் பார்த்ததாக ஒரு தம்பி எழுதியிருக்கிறார். படிக்கும்போதே கை நடுங்கியது, ஏனென்றால் அது வெறும் ஆசை அல்ல. ராஜஸ்தான், குஜராத் வறண்ட காடுகளில் ஒரு கூட்டம், நடுவில் பெரிய இடைவெளி, பிறகு தெற்கே கொஞ்சம், இப்படித்தான் அந்தக் குருவி இருக்கிறது. தெற்கே உள்ளதில் முக்கியமான இடம் காவிரிக்கு அந்தக் கரையில், கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குருவிக்கு இந்தப் பக்கம் வர விசா வேண்டியதில்லை.

ஆனாலும் தம்பி, முதுகைப் பார்த்தீர்களா? பிடரியில் வெள்ளை இருந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சாதாரணச் சாம்பல் பட்டாணிக்குருவிக்கும் பிடரியில் வெளிறிய திட்டு உண்டு. முதுகுதான் முடிவு செய்யும்: சாம்பலாக இருந்தால் சாதாரணம், கன்னங்கரேல் என்றிருந்து இறக்கையில் வெள்ளை அகலமாக அடித்திருந்தால் மட்டும் மற்றது. படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, போடுங்கள்.

பிப்ரவரி 24

படம் வந்தது. முதுகு சாம்பல்.

தம்பி சோர்ந்துபோக வேண்டாம். சாம்பல் பட்டாணிக்குருவி, ஒன்று, பிலிகுண்டலு, காலை ஏழரை என்று அந்தப் பதிவு அப்படியே இருக்கட்டும். அடுத்த தடவையும் ஒவ்வொரு பட்டாணிக்குருவியின் முதுகையும் பாருங்கள். என்றைக்காவது ஒன்று கறுப்பாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கப்போவது இப்படிப் பார்க்கிறவர்தான். பட்டுப்போன மரங்களையும் கவனியுங்கள். அந்தக் குருவி தானாகப் பொந்து குடையாது, மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில்தான் கூடு வைக்கும். விறகுக்குப் பட்ட மரத்தை எல்லாம் வெட்டிவிட்ட காட்டில் அது எங்கே போகும்?

மார்ச் 2

கணக்கெடுப்பு நெருங்கிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்காக.

வனத்துறை ஈரநிலப் பறவைகளை ஒரு கட்டமாகவும் நிலப்பறவைகளை இன்னொரு கட்டமாகவும் எண்ணுகிறது. நாம் போவது நிலப்பறவைக்கு. ஒரு குழுவுக்கு நாலைந்து பேர் போதும். முன்னால் வாச்சர், அதாவது வனத்துறைக் காவலர், அவருக்குப் பின்னால் பறவை நன்றாகத் தெரிந்தவர், அடுத்து எழுதுகிறவர், கடைசியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டு வருகிறவர். வெளிச்சம் வந்ததும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஒரே பட்டியலாக ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை இழுக்காதீர்கள். ஆற்றோரம் நீர்மருது நிழலில் ஒரு பட்டியல், மேலே ஏறி ஆச்சா, வெக்காளி மரங்கள் வந்ததும் அதை மூடிவிட்டு இன்னொன்று. பதினைந்து நிமிடத்துக்குக் குறைய வேண்டாம். எந்தக் காட்டில் எந்தப் பறவை என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

எழுதுகிறவர் எழுதுவதை மட்டும் செய்யட்டும். பைனாகுலரும் பேனாவும் ஒரே கையில் இருந்தால் இரண்டும் உருப்படாது. நான் சிறிய கெட்டி அட்டை நோட்டு வைத்திருக்கிறேன், பென்சில்தான். பனியில் பேனா மை பரவிவிடும். பறவை பெயருக்கு எதிரே நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது, காதால் மட்டும் கேட்டதற்குக் கோட்டின் தலையில் ஒரு புள்ளி. வீட்டுக்கு வந்து அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும், மறுநாள் என்று விட்டால் அந்தப் புள்ளி எதற்கு என்று நமக்கே தெரியாது.

மீன்கழுகு பற்றி ஒரு வார்த்தை. ஒகேனக்கல்லுக்கு மேலே ஆற்றோரம் போகும் குழு வாலைப் பார்க்க வேண்டும். வால் வெள்ளையாக இருந்து நுனியில் கறுப்புப் பட்டை இருந்தால் சாம்பல் தலை மீன்கழுகு. வால் முழுக்கப் பழுப்பாக இருந்தால் சிறிய மீன்கழுகு. உட்கார்ந்திருக்கும்போது இரண்டுக்கும் தலை சாம்பல், வயிறு வெள்ளைதான், அதை வைத்து எழுதவேண்டாம்.

மார்ச் 10

போய் வந்தாயிற்று. உடம்பெல்லாம் உண்ணி.

எங்கள் பாதையில் முதல் அரைமணி நேரம் அருமையாக இருந்தது. புரச மரம் இலையே இல்லாமல் பூவாக நின்றது. மைனா, கரிச்சான், பூஞ்சிட்டு, பச்சைக்கிளி எல்லாம் அதில். கீழே சாம்பல் காட்டுக்கோழி ஒன்று விழுந்த பூவைக் கிளறிக்கொண்டிருந்தது.

அப்புறம் வாச்சர் நின்றார். கையை மட்டும் பின்னால் நீட்டினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தெரியவில்லை. மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் என்று சைகை காட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூங்கில் ஒடிகிற சத்தம் வந்தது. யானை லத்தியின் வாடை அவருக்கு முன்னமே வந்திருக்கிறது. வந்த வழியே திரும்பி, சுற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஏறினோம். அந்தப் பட்டியல் பாதியில் நின்றது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தோமோ அதை மட்டும் போட்டு மூடிவிட்டேன், அதுவும் முழுப் பட்டியல்தான்.

அந்த வாச்சர் இருளர், பெட்டமுகிலாளம் பக்கத்துக்காரர். புத்தகத்தில் இருக்கிற பெயர் அவருக்கு வேண்டியதில்லை. சத்தம் வரும் திசையில் முகவாயைத் திருப்பி, அது என்ன தின்னும், எந்த மாதம் வரும், எங்கே முட்டை வைக்கும் என்று சொல்லிவிடுவார். அன்றைய பட்டியலில் காதால் கேட்டு எழுதியதில் பாதிக்கு மேல் அவர் முதலில் காட்டியதுதான். ஆனால் பார்வையாளர் என்று நம் பெயரைத்தான் போடுகிறோம். இந்தத் தடவை குறிப்புப் பகுதியில், அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் பெயரையும் எழுதினேன். எல்லாக் குழுவும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தினக்கூலிக்குக் காட்டைக் காக்கிறவர் பெயர் அவர் கண்டுபிடித்த பறவைக்குப் பக்கத்தில்கூட இல்லாமல் போவது நியாயம் இல்லை.

மார்ச் 10, இன்னும் கொஞ்சம்

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை வைத்துக்கொண்டு நடந்த குழு ஒன்று, கண்ணால் ஒரு தடவைகூடப் பார்க்காமல் வைரி, குயில், மாங்குயில் மூன்றையும் பத்து நிமிடத்துக்குள் ஒரே மரத்தில் எழுதியிருக்கிறது. அந்த மரத்தில் துடுப்புவால் கரிச்சான் இருந்ததா என்று பாருங்கள். அது ஊரில் உள்ள எல்லாக் குரலையும் பேசும். செயலி காது கொடுக்கட்டும், பெயரை நாம் பார்த்தோ சந்தேகம் தீரக் கேட்டோ எழுதுவோம்.

மார்ச் 12

சந்தேகம் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. பட்டியலில் கூடினால் பறவை கூடியது, குறைந்தால் குறைந்தது என்கிற மாதிரி முன்பு எழுதினேன். அவ்வளவு நேராக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மார்ச்சில் நம் காடு மொட்டை. பெரும்பாலான மரங்கள் இலை உதிர்த்துவிட்டு நிற்கும், நாற்பதடி தள்ளி இருக்கிற மரங்கொத்தியும் தெரியும். மழை பெய்து தளிர் விட்டுவிட்டால் தலைக்கு மேல் இருப்பதும் தெரியாது, காதுதான் கதி. கூடு கட்டும் காலத்தில் பாடுகிற பறவை மற்ற நாளில் வாயே திறக்காது. அதனால் மார்ச்சை மார்ச்சோடுதான் ஒப்பிட வேண்டும், ஜூலையை ஜூலையோடு. வருடத்துக்கு ஒரு தடவை திருவிழா மாதிரி கூடி எண்ணிவிட்டுப் போனால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரே ஆள், ஒரே பாதை, மாதாமாதம். அப்படி ஒரு பாதையை எடுத்துக்கொள்ள இந்த மாவட்டத்தில் பத்துப்பேர் கிடைத்தால்கூடப் பெரிய விஷயம்.

உன்னிச்செடியையும் கணக்கில் எடுக்க வேண்டும். முன்பு பாதையிலிருந்து நன்றாக உள்ளே தெரிந்த இடங்களில் இப்போது உன்னிச்செடி ஆளுயரத்துக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே கௌதாரி குறைந்ததா, நம் கண்ணுக்குக் குறைந்ததா? புதர் எவ்வளவு என்று ஒரு வரி எழுதி வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

மார்ச் 23

இப்போது கிரானைட்.

காவிரி வடக்கு சரணாலயம் 2014-இல் வந்தது, 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022 நவம்பரில், 686 சதுர கிலோமீட்டர். இரண்டுமே கிருஷ்ணகிரி, தருமபுரி என்கிற நம் இரண்டு மாவட்டங்களில். கர்நாடகப் பக்கக் காடுகளோடு யானைக்கு வழி இணைந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனால் மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கு வேண்டிய பாறைக் கரடுகளில் நிறைய, சரணாலயக் கோட்டுக்கு வெளியே இருக்கின்றன. புறம்போக்கு, பட்டா, கரடு என்று வருவாய்க் கணக்கில் தரிசாக எழுதப்பட்டவை. யானை வராது, புலி வராது, ஆகவே அது காடு இல்லை.

காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021-இல் மாநில அரசு விதி கொண்டுவந்தது. 2022 இறுதியில் திருத்தம் வந்து காப்புக்காடுகள் அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. சரணாலயம், தேசியப் பூங்கா போன்றவற்றுக்கு மட்டும் அந்த விதி நீடித்தது. கரட்டில் இருக்கிற பறவைக்கு இதனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் ஒரு கரட்டுக்குக் குவாரி கேட்டிருக்கிறார்கள். அதன் சுற்றுச்சூழல் அறிக்கையை வாங்கிப் படித்தேன். பறவைகள் என்று ஒரு அட்டவணை: காகம், மைனா, மாடப்புறா, சிட்டுக்குருவி, கொக்கு என்று ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. எந்த நாள், எந்த நேரம், யார் நடந்தார், எவ்வளவு நேரம் நடந்தார், ஒன்றும் இல்லை. அந்தக் கரட்டில் நான் ஒரு காலையில் கண்டது அதைப்போல் பல மடங்கு. கொம்பன் ஆந்தையின் கக்கல் உருண்டைகள் ஒரு பாறைக்கடியில் குவியலாகவே கிடந்தன, எலி மண்டையோடு தெரியத் தெரிய.

மார்ச் 24

"அங்கே மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறதா?" என்று பாலக்கோடு அண்ணன் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்.

அண்ணே, நான் போன நாட்களில் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் எழுதுவேன். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்த்தால் குவாரிக்கு எதிரான நம் வாதத்துக்கு வலு வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பட்டியலில் இல்லாததை எழுதிவிட்டோம் என்று தெரிந்தால் நம்மிடம் இருக்கிற மற்ற எல்லாப் பட்டியலையும் குப்பையில் போடுவார்கள், போடுவது சரியும்கூட. இச்சி பழுக்கும்போது திரும்பப் போக வேண்டும். அதற்குமுன் பக்கத்தில் உள்ள நாலு கரட்டிலும் ஒரே முறையில், ஒரே நேரத்தில் எண்ண வேண்டும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து எல்லோருக்கும்.

நாலு கரட்டையும் நாலு குழு எடுத்துக்கொண்டது. பாலக்கோடு அண்ணன், தேன்கனிக்கோட்டை அக்கா, கல்லூரித் தம்பிகள். ஒரே ஞாயிறு, விடியலில் இருந்து. எந்தக் குழுவுக்கும் மற்றக் குழு என்ன பார்த்தது என்று முடியும்வரை தெரியாது, அப்படித்தான் வைத்தோம். அக்கா எடுத்த கரட்டில் மஞ்சள் தொண்டைச் சின்னான் மூன்று, படத்தோடு. குவாரி கேட்ட கரட்டில் இல்லை, ஆனால் இரண்டுக்கும் நடுவில் நல்ல நடை தூரம்தான், சரிவும் புதரும் ஒரே மாதிரி. கொம்பன் ஆந்தை குவாரிக் கரட்டில் மட்டும், ஜோடியாக.

ஆறுமணிக்குருவி என்கிற பல நிறப் பறவையும் ஒன்று குவாரிக் கரட்டின் அடிவாரத்தில். அது குளிர்காலத்துக்கு வந்துவிட்டு வடக்கே திரும்புகிற நேரம். ஓடை ஓரச் சருகில் குப்புறக் குனிந்து கிளறிக்கொண்டிருந்தது. வயிற்றின் சிவப்பு அப்போதுதான் தெரிந்தது என்று கல்லூரித் தம்பி மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். இவ்வளவு நிறமா என்று அவர் கேட்டதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, ஒன்பது நிறம் என்று வடக்கே அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

மே 18

சிலர் தனியாகக் கேட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் யாரும் தரவில்லை. பெட்ரோல் நம் கைக்காசு. ஒரு அலுவலகத்துக்கு முன்பு எழுதிக் கொடுத்த தாள்கள் எங்கே போயின என்று கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து நான் பிடிவாதமாக இருக்கிறேன்: எந்தக் கணக்கெடுப்பாக இருந்தாலும் ஒரு பிரதி இ-பேர்டில், எல்லோரும் பார்க்கும்படி. தாள் தொலையலாம், பட்டியல் தொலையக் கூடாது.

ஜூன் 15

குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஊர்க்காரர்கள் தூசி, வெடிச்சத்தம், கிணறு என்று பேசினார்கள், அதுதான் முதலில் பேச வேண்டியதும். ஒரு பெரியம்மா தன் கிணற்றுச் சுவரின் வெடிப்பைச் சாண் கணக்கில் கையை விரித்துக் காட்டினார். நாங்கள் நாலு கரட்டின் பட்டியல்களையும் தேதி, நேரம், தூரத்தோடு அச்செடுத்து எழுத்தில் கொடுத்தோம். அறிக்கையின் பறவை அட்டவணையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு பக்கம். மஞ்சள் தொண்டைச் சின்னான் இந்தக் கரட்டில் காணப்படவில்லை, பக்கத்துக் கரட்டில் காணப்பட்டது, வாழிடம் ஒன்றே, ஆகவே கூடு கட்டும் காலத்தில் ஆய்வு செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது என்று எழுதினோம். முத்திரை போட்ட ஒப்புகை வாங்கியாயிற்று.

முடிவு எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை மாதம் ஒரு நடை அந்தக் கரட்டில் நிற்காமல் நடக்க வேண்டும். ஜூலை முதல் ஞாயிறு எழுதுகிறவர் ஒருவர் குறைகிறார். பறவை தெரிந்திருக்க வேண்டியதில்லை, கையெழுத்து புரிந்தால் போதும். ராயக்கோட்டையில் காலை ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருப்போம். பென்சில் நான் கொண்டுவருகிறேன்.